இருவர் செலுத்திய படகு

1952ஆம் ஆண்டு எரிக் ஹிஸ்கொக்கும் அவர் மனைவி சூசனும் 'வாண்டரர் 3' என்னும் 30 அடிப் பாய்ப்படகில் இங்கிலாந்தினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 1955இல் மீண்டனர். வேறு மாலுமி எவருமிலர். கணவருக்கோ கண்பார்வை மிகக் குறைவு. அவ்வாறாயின், இராப்பகலாகச் சுக்கானைப் பிடித்தவர் யார் என நேயர்கள் வினவலாம்.

அயனமண்டலத்து வியாபாரக் காற்றே பிடித்தது எனலாம். பின்னிருந்து வீசும் அக்காற்றுக்கு இரட்டைப் பாய்களை இருபுறமும் விரித்து, அவற்றின் கயிறுகளைச் சுக்கான் பிடியிற் பிணைத்தனர். படகு வழிவிலகின் ஒரு பாயைக் காற்று மிகுதியாக அழுத்தும். அதன் கயிறு சுக்கானை இழுத்துப் படகைத் திருப்பிவிடும். பொறி எதுவுமில்லை. நடுக்கடலிலே இருவரும் சமைத்துண்டு உறங்க முடிந்தது இதனாலேதான். காற்றுத் திசைமாறினாலோ இவ்வுபாயம் உதவாது; ஒருவர் உறங்க மற்றவர் விழித்திருத்தல் வேண்டும். ஒருவர் நோயுற்றாலோ மற்றவருக்கு உறக்கமேயில்லை.

தென் பசுபிக்கில் நவம்பர் தொடங்கிச் சூறாவளிக் காலம். அக்காலத்தை அவர்கள் நியூசிலாந்திலே கழித்தனர்.