விடுமுறையைத் தாண்டும் தோட்டம்: தை, மாசியில் செய்ய வேண்டிய வேலைகள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் நாள். இறைவணக்கக் கூட்டம் முடிந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நேராகத் தோட்டத்துக்கு ஓடினார்கள். முந்தைய ஆண்டு நான்காம் வகுப்பில் இருந்தபோது அவர்களே பாத்தி கட்டி, விதை போட்டு, சத்துணவுக்குக் கீரை பறித்துக் கொடுத்த தோட்டம் அது. போன வேகத்திலேயே திரும்பி வந்தார்கள். கத்தரியும் தக்காளியும் வெறும் குச்சிகளாக நின்றன. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், லீவுன்னு நமக்குச் சொன்னாங்க. செடிக்கு யாரு சொன்னா?"

வெயில் மீது பழி போட்டுத் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம வீட்டுச் செடிக்கும் அதே வெயில்தானே? சித்திரையில செத்த செடிக்கு மாசியிலேயே நோவு வந்திருக்கும். நீ பார்க்கல" என்றார். எங்கள் வீட்டுக் கொல்லையில் தை பிறந்ததிலிருந்து அவர் என்னென்ன செய்கிறார் என்பதை அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு அதைப் பள்ளியிலும் செய்து பார்த்தோம். அந்த அனுபவத்தை, ஒவ்வொரு வேலைக்கும் உரிய காரணத்தோடு இங்கே பகிர்கிறேன்.

ஏன் இந்த இரண்டு மாதங்கள்?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. பொங்கலோடு மழை ஓய்ந்துவிடும். ஆனால் மண்ணின் அடியில் ஈரம் இருக்கும், காலையில் பனி இருக்கும், வெயிலும் உறைக்காது. தோட்டம் பார்க்கப் பச்சையாகவே இருக்கும். ஆபத்து அங்கேதான். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாம் திருப்புதல் தேர்வு, ஆண்டு விழா என்று திரும்பிவிடுகிறோம். மாசி பாதியில் மேல்மண் காயத் தொடங்கும்போது வேர்கள் ஆழம் போயிருப்பதில்லை, நிலத்தின் மேல் மூடாக்கு இல்லை, செடியில் தேவைக்கு மேல் இலை இருக்கிறது. கோடைக்கு ஆயத்தம் செய்யக் கிடைக்கும் காலம் இந்த எட்டு வாரங்கள்தான்.

கடைசி வேலை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

எது முடிய வேண்டும், எது தொடங்க வேண்டும் என்று முடிவு செய்வதே முதல் வேலை. காய்ப்பு ஓய்ந்த தக்காளியைப் பிடுங்கிவிடலாம். கத்தரியைப் பிடுங்க வேண்டியதில்லை. தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மறுதாம்பாகத் துளிர்க்கும்.

புதிதாக விதைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சிறுகீரை, முளைக்கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வரும். வெண்டை முதல் காய் தர 45 முதல் 50 நாட்கள் ஆகும். கரும்பலகையில் பள்ளியின் கடைசி வேலை நாளை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். ஏப்ரல் 20 கடைசி நாள் என்றால், வெண்டையைப் பிப்ரவரி பாதிக்குள் ஊன்றினால்தான் இரண்டு மூன்று வாரமாவது காய் பறிக்க முடியும். கீரைக்கு மார்ச் 15 வரை நேரம் இருக்கிறது. பிப்ரவரிக்கு எத்தனை நாட்கள் என்ற கேள்வி அப்போது தானாகவே வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விரல் முட்டிகளை எண்ணிக் கணக்குப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சுரை, பீர்க்கு, பூசணி போன்ற கொடிகளுக்கு இரண்டு முதல் மூன்று மாதங்கள் தேவை. அவை பள்ளிக்கு ஒத்துவராது, வீட்டுக்கு ஒத்துவரும். ஆகவே அந்த விதைகளைப் பிள்ளைகளிடம் இரண்டு இரண்டாகக் கொடுத்தனுப்புகிறோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தருகே ஊன்றினால் போதும். சோப்பு அதிகம் கலந்த தண்ணீரை மட்டும் வேரில் விட வேண்டாம்.

கவாத்து: இலையைக் குறைத்தால் தாகம் குறையும்

செடி வேரால் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகப் போய்விடுகிறது. நீராவிப்போக்கு என்று பாடத்தில் நடத்துகிறோம். கோடைக்கு முன் அடர்ந்த செம்பருத்தியின் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டுவதும், காய்ந்த குச்சிகளையும் உள்நோக்கி வளர்ந்த கிளைகளையும் நீக்குவதும் இதனால்தான். கறிவேப்பிலை பனிக்காலத்தில் மந்தமாக இருந்து மாசியில் துளிர்க்கும். அப்போது நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும்.

பூக்கொடிகளுக்குக் காலக் கணக்கு முக்கியம். முல்லையை ஜனவரிக் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். புதுத்தளிரில்தான் பூ வரும். ஆனால் குண்டுமல்லிக்கு உரிய காலம் நவம்பர்க் கடைசி வாரம். அதைத் தவறவிட்டவர்கள் மாசியில் கத்தரியைத் தூக்க வேண்டாம். மொட்டு வரும் நேரத்தில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவை இழப்போம். பள்ளியில் கத்தியும் கத்தரியும் ஆசிரியர் கையில் மட்டுமே இருக்கட்டும்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். செம்பருத்திக் கிளைகள் இரண்டைத் தேர்ந்து, ஒன்றில் பத்து இலைகளும் மற்றதில் இரண்டு இலைகளும் மட்டும் இருக்குமாறு விட்டு, இரண்டையும் ஒளிபுகும் பாலித்தீன் பைகளால் மூடிக் கட்டுங்கள். வெயிலில் சற்று நேரம் கழித்துப் பார்த்தால், எந்தப் பையில் அதிக நீர்த்துளி என்று பிள்ளைகளே சொல்வார்கள். செடியை ஏன் வெட்டுகிறோம் என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை.

சருகைக் கொளுத்தாதீர்கள்

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கும் இலை உதிர்க்கும். பள்ளி வளாகம் முழுவதும் சருகு கிடக்கும். அதைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது நெடுநாள் பழக்கம். நானும் செய்திருக்கிறேன். புகையில் பிள்ளைகள் இருமியதைத் தவிர அதில் கண்ட பலன் ஏதுமில்லை.

அதே சருகைச் செடியைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் மூடாக்கு. வெயில் மண்ணை நேரடியாகத் தொடாது, ஈரம் சீக்கிரம் போகாது, களையும் குறையும். மட்கிய பின் அதுவே உரம். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஈரச் சருகு தண்டில் ஒட்டிக் கிடந்தால் அழுகல் வரும். மிஞ்சிய சருகை ஒரு குழியில் போட்டு, காய்கறிக் கழிவு, கொஞ்சம் சாணக்கரைசல் சேர்த்து மண்ணால் மூடி ஈரம் காத்தால், அடுத்த பருவத்துக்கு எரு ஆகிவிடும். சருகுக்குள் தேள், பூரான் இருக்கலாம். பிள்ளைகள் வெறுங்கையால் அள்ளாமல் முதலில் குச்சியால் கிளறிப் பார்க்கட்டும்.

தண்ணீரும் பொங்கல் பானையும்

தினமும் பூவாளியால் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அப்படிப் பழகிய செடி இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் துவண்டுவிடும். எங்கள் தோட்டத்துக்கு நேர்ந்தது இதுதான். தையிலிருந்தே நிலத்துச் செடிகளுக்கு இடைவெளி விட்டு, ஆனால் ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். தொட்டிச் செடிகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவை விரைவில் காயும், ஆகவே அன்றாடம் பார்க்க வேண்டும்.

விடுமுறைக்கு எங்களுக்குக் கைகொடுத்தது மண்பானை. பொங்கலுக்குப் பின் பல வீடுகளில் பழைய பானைகள் மூலையில் கிடக்கும். வண்ணம் பூசிய பானை உதவாது. வண்ணம் நுண்துளைகளை அடைத்துவிடும். பூசாத பானையில் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்தால் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். அந்தப் பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காய நீர் கசியும். ஓர் அடி தூரத்துக்குள் இருக்கும் செடிகளின் வேர் அதைத் தேடி வரும். எங்கள் மண்ணில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானதாக இருந்தது. பானையை மாசியிலேயே புதைப்பது நல்லது. வேர் பழக நாள் வேண்டும்.

நிழலை நம்பித் தொட்டி வைக்காதீர்கள்

தையில் மதிலின் வடக்குப் பக்கம் நல்ல நிழலாக இருக்கும். அங்கே தொட்டிகளை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்த ஆண்டில் அவை ஏப்ரலில் வெந்துபோயின. காரணம் சூரியனின் பாதை. திருச்சி, கோயம்புத்தூர் இருக்கும் அட்சரேகையில், ஒரு மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் பொங்கல் சமயத்தில் ஏறக்குறைய 60 செ.மீ. நீளம் வடக்கே விழும். மார்ச் நடுவில் அது கால் மீட்டருக்கும் குறைந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நிழலில்லா நாள். குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். மதிலுக்கும் அதே கதிதான்.

வாரம் ஒரு நாள், பன்னிரண்டரை மணி அளவில், ஒரே இடத்தில் நட்ட குச்சியின் நிழலைப் பிள்ளைகள் அளந்து குறிக்கட்டும். அளவீடு, வரைபடம், புவியின் சாய்வு என மூன்று பாடங்கள் அதில் இருக்கின்றன. தொட்டிகளை எப்போது மரத்தடிக்கு நகர்த்துவது என்பதையும் அந்த வரைபடமே சொல்லிவிடும்.

வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும்

வெப்பமும் வறட்சியும் கூடும்போது இந்த இரண்டும் பெருகும். வெண்டை இலையின் நரம்பு மஞ்சளானால் அது மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி அகற்றினால் மற்றவை பிழைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கட்டினால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தால் முதலில் எறும்பு வரிசையைப் பாருங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கின்றன. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

விதை எடுத்தால்தான் வேலை முடியும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறோம். தேடும்போது கையில் விதை இருக்க வேண்டுமென்றால் தை, மாசியில் அதை எடுத்திருக்க வேண்டும். ஆடியில் போட்ட நாட்டு அவரை, பகல் குறுகும் மார்கழி, தையில்தான் பூத்துக் காய்க்கும். நம் ஊரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அந்தச் சிறு மாற்றத்தையும் செடி அறிகிறது என்றபோது எட்டாம் வகுப்பே வியந்தது.

நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியில் இரண்டு மூன்று காய்களைப் பறிக்காமல் அடையாள நூல் கட்டி விடுங்கள். அவரையும் வெண்டையும் செடியிலேயே காய வேண்டும். கத்தரி மஞ்சளாகப் பழுக்க வேண்டும். தக்காளி விதையைச் சாற்றோடு ஒரு நாள் புளிக்கவிட்டுக் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, பெயரும் தேதியும் எழுதிய உறையில் இட்டு, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.

அடுத்த ஜூனில்

மேற்சொன்னவற்றைச் செய்த முதல் ஆண்டில் எல்லாச் செடியும் பிழைத்ததாகச் சொல்ல மாட்டேன். வெட்டிவிட்ட கத்தரியில் பாதி போய்விட்டது. முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி, முல்லை நின்றன. பானையை நிரப்பியவர் பள்ளிக்கு எதிர்வீட்டுப் பாட்டி. ஏப்ரலில் பிள்ளைகளே சென்று அவரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

பள்ளி திறந்த நாளில் பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். இம்முறை உடனே திரும்பி வரவில்லை. வகுப்புக்கு மணி அடித்த பின்னும் வராததால் நானே போய் அழைத்து வந்தேன். அன்று கேள்வி கேட்ட சிறுமி இப்போது எங்கள் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பு படிக்கிறாள். விதை டப்பாவின் சாவி அவளிடம் இருக்கிறது. இந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், "டீச்சர், பானை புதைக்கணும்" என்று அவள்தான் நினைவூட்டினாள்.