கவனம்! லண்டன் பெட்டியில் வரும் நோக்குளிசை

நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழா நெருங்கினால் குறிகட்டுவான் இறங்குதுறையில் வெளிநாட்டுப் பெட்டிகள் குவியும். சொக்லேற், சவர்க்காரம், பேரப்பிள்ளைக்குச் சட்டை. அவற்றோடு அம்மாவுக்கென்று ஒரு பை நோக்குளிசை. லண்டன் மகள் நியூரோஃபன் கொண்டுவருவாள். ரொறன்ரோ மகன் அட்வில்லும் அலீவும். பரிஸ் மருமகள் டொலிப்பிரான். ஊர்ப் பாமசியில் வாங்கிய வோல்டரனும் புரூஃபனும் ஏற்கெனவே அலுமாரியில் கிடக்கின்றன. நாரி உளைந்தால் அதில் ஒன்று, முழங்கால் நொந்தால் இதில் ஒன்று.

பயங்கரம் அங்கேதான் இருக்கிறது. நியூரோஃபன், அட்வில், புரூஃபன் மூன்றும் இபுபுரோஃபன் என்ற ஒரே மருந்து. அலீவில் நப்ரொக்சன், வோல்டரனில் டைக்ளோஃபெனாக். இரண்டும் அதன் உறவுக்காரர்கள். வேறு வேறு பெட்டி என்று நினைத்து இவற்றைச் சேர்த்துப் போடுபவர் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகத்தான் விழுங்குகிறார். பனடோல், டைலினோல், டொலிப்பிரான் மூன்றும் பரசிற்றமோல். நம்மூர்ப் பனடோல் 500 மில்லிகிராம். டொலிப்பிரானிலோ 1000 மில்லிகிராம் குளிசையும் உண்டு. பனடோல் போட்ட பழக்கத்தில் அதையும் இரண்டு இரண்டாக நான்கு வேளை போட்டால் 8000 ஆகிவிடும். வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 4000தான் எல்லை, மெலிந்த வயோதிபருக்கு அதைவிடக் குறைவு. ஈரல் தாங்காது.

சிறுநீரகத்தின் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அது நோவதில்லை. இபுபுரோஃபன் வகைக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கின்றன. சீனி வருத்தம் உள்ளவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கக்கூடும். அதோடு பிரஷருக்குக் கிளினிக்கில் தரும் லொசாட்டன் அல்லது எனலாப்பிரில், கால்வீக்கத்துக்குச் சிறுநீர் போகும் குளிசை, இவற்றுக்கு மேல் நோக்குளிசையும் சேர்ந்தால் சில நாட்களுக்குள்ளேயே சிறுநீரகம் படுத்துவிடக்கூடும். வயிற்றோட்டமோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றிய நாட்களில் இன்னும் வேகமாக. மூன்று மருந்தும் ஒரே கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தால் டொக்டர் பிடித்துவிடுவார். மூன்றாவது லண்டனிலிருந்து வந்ததென்றால் அவருக்கு எப்படித் தெரியும்?

நெடுந்தீவில் இருப்பவர்கள் அடுத்ததைக் கட்டாயம் வாசியுங்கள். இபுபுரோஃபன் வகைக் குளிசைகள் இரைப்பையில் புண் உண்டாக்கி இரத்தம் கசியவைக்கும். பல வயோதிபருக்கு முன்கூட்டி வயிற்றுவலிகூட வராது. தார்போலக் கறுத்த மலம் போவதும் தலை சுற்றுவதும்தான் முதல் அறிகுறியாக இருக்கும். யாழ்ப்பாணத்து நகரவாசிக்குப் போதனா வைத்தியசாலை பக்கத்தில். நெடுந்தீவுக்காரருக்கு இடையில் ஒரு மணித்தியாலக் கடல். வாடைக்காற்றில் கடல் கொந்தளித்தால் வடதாரகைப் படகும் ஓடாது, குமுதினிப் படகும் ஓடாது. ஆகவே மலம் கறுத்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் அந்த நேரமே தீவு வைத்தியசாலைக்குப் போங்கள்.

டைக்ளோஃபெனாக் மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் 2013இல் எச்சரித்தார்கள். பிரித்தானியாவில் 2015 ஜனவரி முதல் அந்தக் குளிசையை மருத்துவரின் சீட்டில்லாமல் வாங்க முடியாது. நம்மவருக்கு இதயநோய் இளவயதிலேயே வருகிறது. நடக்கும்போது இடது தோளிலும் கையிலும் வந்து, நின்றால் விடும் நோவு இதயத்தின் நோவாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் பூசிக்கொண்டு, அதற்கு மேல் வோல்டரனும் போடுவதை நினைக்கவே பதறுகிறது.

பெயர் எழுதாத கடதாசிப் பொதியில் வரும் கலவைக் குளிசையும் அப்படியே ஆபத்தானது. போட்ட அன்றே எல்லா நோவும் பறந்தால் அதில் ஸ்டீரொயிட் இருக்கக்கூடும். நாட்போக்கில் முகம் ஊதும், சீனி ஏறும், எலும்பு மெலியும். பயந்து திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொதியோடு டொக்டரிடம் போங்கள்.

குடும்ப வைத்தியர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவுக்கு எலும்பு மட்டும் காரணமில்லை. யுத்தம் தந்த மனக்காயம் உடம்பு நோவாகவும் வெளிப்படுவதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். 1985 மே 15இல் குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட கடல் இது. 'உடம்பெல்லாம் நோகுது டொக்டர்' என்று ஒரு தீவுப்பகுதித் தாய் சொன்னால், நித்திரை எப்படி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் சீட்டு எழுதாதீர்கள். உடம்பில் ஷெல் துண்டு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும். ஹரோவிலும் ஸ்காபரோவிலும் இருக்கும் டொக்டர்மார் விற்றமின் டி அளவையும் பார்க்கவேண்டும். அது குறைந்து, கதிரையிலிருந்து எழும்பத் தொடை நோகிறது என்பவருக்கு நோக்குளிசை பதிலாகாது.

நாரி நோவோடு கால் பலமிழந்தால், சிறுநீர் அடைபட்டால் அல்லது தானாகப் போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்த நோவையும் தள்ளிப்போடக்கூடாது.

முழங்கால் தேய்வுக்குத் தொடைத்தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் நடையும் நிலைத்து நிற்கும் பலன் தருபவை. வெளிநாட்டிலிருந்து ஏதாவது அனுப்பத்தான் வேண்டுமென்றால், டொக்டரிடம் கேட்டுவிட்டு, பூசும் ஜெல்லை அனுப்புங்கள். குளிசையைவிட மிகக் குறைவாகவே அது இரத்தத்தில் கலக்கிறது. கால் எரிவுக்குப் பிரகபலின் தந்திருந்தால் பூட்டி வையுங்கள், இளம் பெடியள் அதைப் போதைக்குத் தேடித் திரிகிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, இன்றிரவு வட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டு வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் மேசையில் கொட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அவை அத்தனையையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு, கிளினிக் கொப்பியோடு ஊர்காவற்றுறைக்கோ பக்கத்து வைத்தியசாலைக்கோ கொண்டுபோகட்டும். 'இதில் எது வேண்டாம்? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் எவ்வளவு?' என்ற இரண்டு கேள்வியையும் அந்தக் கொப்பியின் மேல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.