கிணற்றுக்கு ஏற்ற மிசின்

புகையிலையும் வெங்காயமும் விளையும் புளியங்கூடல் போன்ற யாழ்ப்பாணத்துத் தீவகக் கிராமங்களில், நீரிறைக்கும் மிசின் வாங்கப் புறப்படுகிறவர் முதலிற் கேட்பது, எந்தப் பெயருடையது நல்லது என்பதேயாகும். அக்கேள்விக்குரிய விடையிற் பாதி கடையிலும், மீதி அவரவர் கிணற்றிலும் இருக்கின்றது.

முதலிற் கடையின் பங்கைக் காண்போம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908இல் தோன்றிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 1953இல் அலுமினிய வார்ப்பில் இலகுவான எஞ்சினை வெளியிட்டது. கனடாவில் நம்மவர் ஏறியமர்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டிகளில் அந்நிறுவனத்தின் எஞ்சினோடு கோலர், கவசாக்கி ஆகியவற்றினுடையவையும் பூட்டப்பட்டிருக்கும். நம் கிணற்றடிகளுக்குப் பழகிய பெயர்களோ ஹொண்டாவும் றொபினுமாம்.

பெயரினும் முக்கியம் உள்ளமைப்பு. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்த பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவாதலால், பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுதல் அவற்றுக்கு இயல்பாயிற்று. 1983இல் வந்த ஹொண்டாவின் ஜீஎக்ஸ் வரிசையோ, வால்வுகளை மேலே அமைத்து, அமுக்கத்தை உயர்த்தி, எரிபொருளைச் சிக்கனப்படுத்தியது; சிலிண்டரின் உட்புறத்தில் வார்ப்பிரும்பு உறையிருப்பதால் தேய்வும் குறைவு. பெற்றோலுக்கென அமைந்த அத்தகைய எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது இடித்து ஓடிக் கெடும். மண்ணெண்ணெயில் ஓட்ட விரும்புகிறவர் அதற்கெனத் தனியே அமைந்த எஞ்சினையே வாங்கவேண்டும். றொபினைச் செய்த ஜப்பானிய நிறுவனம் 2017இல் அத்தொழிலைக் கைவிட்டமையால், பழைய றொபினை வாங்குகிறவர் அதன் உதிரிப்பாகங்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் எளிதிற் கிடைக்குமா என்பதை முன்னரே விசாரித்தல் நன்று.

இனிக் கிணற்றின் பங்கைக் காண்போம். நாற்புறமும் கடல் சூழ்ந்த சுண்ணக்கல் நிலத்தில், நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட விதி. ஆகவே நீர்மட்டம் நிரந்தரமாக 1 அடி தாழுமாயின், அடியிலுள்ள உவர் 40 அடி மேலேற இடமுண்டாகின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், ஒரு பட்டை நீர் வாய்க்காலிற் சரிந்து மறு பட்டை மேலெழுவதற்குள் கிணறு சற்றே ஊறி ஈடுசெய்தது. 2 அங்குலப் பம்பு ஒன்று முழுவேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 லீற்றரை வெளியேற்றும்போது அந்த அவகாசம் கிணற்றுக்கு இல்லை.

ஆதலின், தீவகத்தானுக்கு உகந்தது பெரிய மிசினன்று. வேகத்தைத் தணித்து இறைத்தாலும் சீராக ஓடும் சிறிய மிசினே. புதிதாயின் முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒயிலை மாற்றி, உப்புக்காற்றுப் படாமல் மூடிவைத்தால் அது நெடுநாள் உழைக்கும். இறைப்பு முடியும் வேளையில் வாய்க்கால் நீரை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்துப் பாருங்கள். தொடங்கியபோது இருந்த சுவை அப்படியே இருக்குமாயின், உங்கள் கிணற்றுக்கு ஏற்ற மிசினையே வாங்கியிருக்கிறீர்கள்.