சிறகுக்கு என்ன விலை?

இரத்மலானையிலிருந்து பயிற்சி விமானமொன்று மேலெழும்போது நாம் அதன் அழகை வியக்கிறோம். காணியை ஈடுவைத்த தகப்பனாரோ மணித்தியாலத்தை எண்ணுகிறார். வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச நியமம் 200 மணித்தியாலப் பறப்பைக் கேட்கிறது. அங்கீகாரம் பெற்ற தொடர்பயிற்சியாயின் 150. எரிபொருள், இயந்திரப் பராமரிப்பு, ஆசிரியர் வேதனம் யாவும் அதனுள் அடக்கம்.

பத்திரம் கிட்டியதும் உத்தியோகம் கிட்டும் என்பது பிரமை. அமெரிக்காவிலே 2013 முதல் பயணிகள் விமான சேவையின் துணைவிமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலம் வேண்டும்.

ஆயினும், வேகம் குன்றி விமானம் தாங்குசக்தியை இழக்கையில், பதறி மூக்கை உயர்த்தாது தாழ்த்தப் பழகுகிறானே மாணவன், அந்த மணித்தியாலங்களிற் சிக்கனம் ஆகாது. சிக்கனம் வேண்டுமாயின், முழுத்தொகையையும் முற்பணமாகக் கொடாது, பறந்த அளவுக்கே தவணையாகக் கட்டுங்கள்.