மொட்டைமாடி மழையும் கீழ்வீட்டுக் கழிப்பறையும்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையில் எல்லோர் கண்ணும் ஏரி மட்டத்தின் மீதும் தெரு வடிகால் வேலை மீதும்தான் இருக்கும். செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி, எந்தச் சாலையில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், மாநகராட்சி எத்தனை பம்புகளைத் தயாராக வைத்திருக்கிறது என்றே பேச்சு ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் அப்படிப் பேசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால், மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகும் அசுத்தத் தண்ணீர் எல்லாமே வாசல் வழியாக வருவதில்லை. தெருவில் கணுக்கால் அளவுகூடத் தேங்காத நாளில், தரைத்தள வீட்டுக் கழிப்பறைக் கோப்பையில் குபுகுபுவென்று குமிழி கிளம்பும். சற்று நேரத்தில் கறுப்புத் தண்ணீர் தரையெங்கும் பரவும். அந்தத் தண்ணீருக்கு ஏரியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலும் அது அதே தெருவின் மொட்டைமாடிகளில் விழுந்த மழை, கழிவுநீர்க் குழாயில் இறங்கி, அங்கிருந்த மலத்தையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. புயலுக்கு முன் வீட்டுக் குழாய்களைச் சரிபார்ப்பது என்றால், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் மழைநீரையும் கழிவுநீரையும் பிரித்துவிட வேண்டும் என்பதே என் வாதம்.

சென்னையில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பாதை உண்டு. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பாதாளச் சாக்கடைக் குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தெருவில் எத்தனை பேர் குடியிருப்பார்கள், ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்ற கணக்கை வைத்தே முடிவுசெய்கிறார்கள். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. அதில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 540 லிட்டர் ஆகிறது. இனி மழையின் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அங்கே 10 செ.மீ. மழை பெய்தால் 9,300 லிட்டர். அந்த வீடு 17 நாளில் வெளியேற்றும் கழிவுநீரின் அளவுக்கு மழைநீர் ஒரே நாளில், சில சமயம் ஒரு பிற்பகலுக்குள், அதே குழாயில் இறங்குகிறது. அப்படி நூறு வீடுகள் சேர்ந்தால் 9 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். நிலத்தில் ஊறிவரும் நீருக்கு ஓரளவு இடம்விட்டுத்தான் குழாயை அமைப்பார்கள். மொட்டைமாடிகளுக்கு அதில் இடமே கிடையாது. ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டுவது சென்னைக்குப் புதிதும் அல்ல; 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ.

குழாய் நிரம்பிய பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் தயாரிப்பும் பலிக்காது. சென்னை தட்டையான ஊர். கழிவுநீர் சரிவில் ஓடி அந்தந்தப் பகுதி நீரேற்று நிலையத்தை அடைந்து, அங்கிருந்து பம்ப் மூலம் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. பம்ப் இழுப்பதைவிட அதிகம் வந்தாலோ மின்சாரம் நின்றாலோ, தண்ணீர் மேன்ஹோல்களில் மேலே ஏறும். தெரு மேன்ஹோலின் விளிம்பைத் தொட்டால்தான் அது தெருவில் வழியும். அந்த விளிம்பைவிடத் தாழ்வாக ஏதாவது ஒரு வீட்டில் ஒரு திறப்பு இருந்தால், அங்கே முதலில் வெளிவந்துவிடும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, எத்தனையோ தெருக்களில் சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. அந்த வீடுகளின் தரைத்தளக் கழிப்பறையும் குளியலறையும்தான் அந்தத் தாழ்ந்த திறப்புகள். கோப்பையின் வளைவிலும் குளியலறை நானி ட்ராப்பிலும் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் நாற்றத்தைத் தடுக்கும். கீழிருந்து தள்ளிவரும் தண்ணீரை அது தாங்காது. இதிலுள்ள அநீதியையும் சொல்லியாக வேண்டும். மழைநீரை அனுப்பும் மொட்டைமாடி வீட்டுச் சொந்தக்காரருடையது. சாக்கடை பொங்குவது பெரும்பாலும் கீழே வாடகைக்கு இருக்கும் குடும்பத்தின் கழிப்பறையில்.

உங்கள் வீட்டு மழைநீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள நிபுணர் யாரும் வர வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைக் கரைத்து, மொட்டைமாடியின் நீர்ப்போக்கு வாயில் ஊற்றுங்கள். மேலும் இரண்டு வாளி நல்ல தண்ணீரை அதன் பின்னாலேயே ஊற்றுங்கள். கீழே ஒருவர் கழிவுநீர் சேம்பரின் மூடியை நகர்த்திவிட்டு, தள்ளி நின்று பார்க்கட்டும். சேம்பரில் மஞ்சள் ஓடினால் தவறான இணைப்பு இருக்கிறது என்று பொருள். எல்லா வாய்களிலும் தனித்தனியாகச் செய்துபார்க்க வேண்டும். முன்பக்கக் குழாய் சரியாகவும் பின்பக்கக் குழாய் தவறாகவும் இருக்கும் வீடுகள் உண்டு. இந்தத் தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நேர்வதில்லை. மாடியில் வாஷிங்மெஷினை வைத்தவர் அதன் சோப்புத் தண்ணீரைப் பக்கத்திலிருந்த மழைநீர்க் குழாயில் விட்டிருப்பார். சோப்புத் தண்ணீர் வாசலில் ஓடுகிறதே என்று பிறகு வந்த பிளம்பர் அந்தக் குழாயை சேம்பரோடு சேர்த்திருப்பார். எனவே வாஷிங்மெஷின் குழாயைப் பிரித்துக் கழிவுநீர்க் குழாயில் விடுவது முதல் வேலை. மழைநீர்க் குழாயை சேம்பரிலிருந்து வெட்டி, கசிவுநீர்க் குழிக்கோ கிணற்றுக்கோ திருப்புவது அடுத்தது. முற்றத்தில் கழிவுநீர் இறங்கும் கல்லி ட்ராப்பும் சேம்பரும் தரைமட்டத்திலேயே இருந்தால், ஓரத்தை ஒரு செங்கல் உயரத்துக்குக் கட்டிவிடுங்கள். இல்லையேல் முற்றத்து மழையும் அதிலேயே இறங்கும்.

“எங்கள் தெருவில் வடிகாலே இல்லை, இருக்கும் வடிகாலும் தூர்ந்துகிடக்கிறது, மழைநீரை எங்கேதான் விடுவது?” என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதே இதற்கான பதிலில் பாதி கிடைத்துவிட்டது. அப்போது வெட்டிய குழிகள் பல வீடுகளில் இன்றும் சிமென்ட் மூடிக்கு அடியில் இருக்கின்றன. வண்டலும் இலைச்சருகும் அடைத்து, வேலை செய்யாமல் இருக்கின்றன. ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டால் பெரும்பாலானவை உயிர்பெறும். திருவான்மியூர் முதல் நீலாங்கரை வரையிலான கடற்கரை மணல் பூமியில் குழி சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். களிமண் பகுதிகளில் சாதாரணக் குழி போதாது. களிமண்ணைத் தாண்டிக் கீழே மணல் வரை துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிட்ட தாழ்வான பகுதிகளில் எந்தக் குழியும் உறிஞ்சாது என்பதும் உண்மை. அங்கே குழியின் மிகைநீர் தெருவுக்குத்தான் போக வேண்டும். தெருவில் மழைநீர் நிற்பது தொல்லை என்றாலும், மலம் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் நிற்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. வடிகால் கேட்டு மாநகராட்சியிடம் போராடுவது குடிமக்களின் உரிமை. நம் வீட்டுக் குழாயைத் திருத்திவிட்டுக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

“ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீர்ந்தது” என்பது அடுத்த பேச்சு. சேம்பருக்கும் தெருக் குழாய்க்கும் நடுவில் இந்த வால்வைப் பொருத்தினால், தெருவிலிருந்து கழிவுநீர் திரும்பும்போது தடுப்பு தானாக மூடிக்கொள்ளும். தாழ்வான வீடுகளுக்கு இது அவசியம் என்றே சொல்வேன். ஆனால், வால்வு மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. மாடிக் குழாயைப் பிரிக்காமல் வால்வை மட்டும் போட்ட வீட்டில் என்ன ஆகும்? மழை உச்சத்தில் இருக்கும்போது வால்வு மூடும். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் மூடிய கதவில் மோதி, அதே வீட்டின் கீழ்க் கழிப்பறையில் பொங்கும். தெருச் சாக்கடைக்குப் பயந்து போட்ட வால்வே சொந்த மாடித் தண்ணீரை வீட்டுக்குள் திருப்பிவிடும். ஆகவே முதலில் பிரிப்பு, பிறகு வால்வு. வால்வு மூடியிருக்கும் சில மணி நேரம் மாடியில் குடியிருப்பவர்களும் குளிப்பதையும் துவைப்பதையும் தள்ளிப்போட வேண்டும். வால்வைத் திறந்து பார்க்க வசதியான குழியில் பொருத்துங்கள். ஒரு துணியோ நாப்கினோ சிக்கினால் தடுப்பு மூடாது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், அதைக் கழுவிவிடுவது நல்லது.

தேங்கிய தண்ணீரை வடிக்கத் தெரு மேன்ஹோலின் மூடியைத் திறந்துவிடும் வழக்கத்தை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது. கலங்கிய தண்ணீருக்கு அடியில் திறந்த குழி இருப்பது நடந்துபோகிறவருக்குத் தெரியாது. தெருவின் மண்ணும் பிளாஸ்டிக்கும் குழாயில் இறங்கி அடைக்கும். அந்த அடைப்பை எடுக்க யாரோ ஒருவரைக் குழிக்குள் இறக்கும் பேச்சு பிறகு எழும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதையும், பாதுகாப்பின்றி ஆட்களை சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறக்குவதையும் 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் நச்சுவாயு தாக்கி இறப்பவர்களின் செய்தி நின்றபாடில்லை. மழைநீரை சாக்கடையில் விடாத ஒவ்வொரு வீடும் அந்த அபாயத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான்.

கழிவுநீரைப் பிரித்துவைக்க வேண்டும் என்ற இதே விதி குடிநீர்ப் பக்கத்துக்கும் பொருந்தும். தரையடி சம்ப்பின் மூடி தரைமட்டத்தில் இருந்தால், ஓரத்தை ஒன்றரை அடியாவது உயர்த்திக் கட்ட வேண்டும். பலர் கவனிக்காத இடம் சம்ப்பின் மிகைநீர்க் குழாய். அதைச் சாக்கடையிலோ வடிகாலிலோ விட்டிருந்தால், நீர் மட்டம் ஏறும்போது அந்த வழியாகவே அழுக்கு சம்ப்புக்குள் நுழையும். புயல் எச்சரிக்கை வந்ததும் சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் நிரப்பிவையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல், சம்ப்பில் தண்ணீர் இருந்தும் மேலே ஏற்ற முடியாமல் போனது. காலியான பிளாஸ்டிக் தொட்டியைக் காற்று புரட்டிவிடும். நிரம்பிய தொட்டியை அவ்வளவு எளிதில் அசைக்காது. வெள்ளம் புகுந்த சம்ப்பில் மருந்தைத் தூவிவிட்டு அந்தத் தண்ணீரையே பயன்படுத்தக் கூடாது. முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, புதிய தண்ணீர் விட்ட பிறகு, ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்கு அதையும் காய்ச்சிக்கொள்வது நல்லது.

2011இல் மாநகராட்சியோடு இணைந்த புறநகர்களில் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அங்கே மாடி மழையைத் தொட்டிக்குள் விடுவது இரட்டைத் தவறு. அடியில் படிந்த கசடு கலங்கி, மேலெழுந்து, உறிகுழியை அடைத்துவிடும். கசடை லாரி வைத்து எடுப்பதை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும். மண் ஊறிக்கிடக்கும் நாளில் தொட்டியைக் காலிசெய்தால், வெளியிலிருந்து நீர் அழுத்தி இலகுவான தொட்டிகள் மிதந்து எழும். பழைய செங்கல் சுவர்கள் உள்ளே சரியக்கூடும்.

“அடையாறு பொங்கி வந்தால் இதெல்லாம் எதற்கு உதவும்?” என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. முதல் தளம் வரை ஆறு ஏறினால் வால்வும் குழியும் காப்பாற்றாது. அந்த நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறுவதே சரி. ஆனால், அப்படியொரு பேரழிவு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. பத்து செ.மீ. மழை அப்படி அல்ல. அந்த மழையில் கழிப்பறை பொங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவு சில அடி பிவிசி குழாயும் பிளம்பரின் கூலியும்தான். பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கும். அதற்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தண்ணீர் வாளியோடு மாடி ஏறிவிடுங்கள். சேம்பரில் மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே பிளம்பரை அழையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரை அழைத்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டிலும் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.