பெட்டகத்தில் உறங்கும் அமானிதம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிராக் குகையில் அருளப்பெற்ற முதல் வஹீ ஓதுதலைப் பற்றியும் எழுதுகோலைப் பற்றியும் பேசியது. திருமறையின் மிக நீண்ட வசனமோ, கடன் கொடுக்கல் வாங்கலை எழுத்தில் பதிந்து சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. ஓதவும், எழுதவும், எழுதியதைச் சான்றாகக் காத்து வைக்கவும் பயிற்றப்பெற்ற சமுதாயம் நம்முடையது. அச்சமுதாயத்தின் இல்லங்களில் முன்னோர் எழுதி வைத்த ஏடுகளின் நிலை இன்று என்ன? வாசகர்களே, இக்கேள்விக்கு விடை காணுமுன், ஆப்பிரிக்காவின் பாலைவன ஓரத்து நகரொன்றுக்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அந்நகர மக்கள் தம் இல்லத்துப் பெட்டிகளைக் காத்த வரலாறு, நம் இல்லத்துப் பெட்டிகளையும் நினைவூட்டும் தன்மையது.

மணல் நகரில் மலர்ந்த கல்வி

மாலி நாட்டில், நைஜர் நதி வளைந்து திரும்பும் இடத்துக்கு அருகே, சஹாராப் பாலைவனத்தின் விளிம்பில் அமைந்திருக்கிறது திம்புக்டு. உப்பும் பொன்னும் கைமாறிய இந்த ஒட்டகச் சந்தை நகரம், காலப்போக்கில் கல்வி நகரமாயிற்று. 1324-ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய மாலிப் பேரரசர் மன்சா மூசாவின் காலத்தில் அங்கு ஜிங்கரேபர் பள்ளிவாசல் எழுந்தது. நம் மதுரையைக் கண்டு சென்ற இப்னு பதூதாவே 1353-ஆம் ஆண்டில் திம்புக்டுவையும் கண்டார். மாலி மக்கள் திருக்குர்ஆனை மனனம் செய்வதில் காட்டிய பேரார்வத்தை அவர் தம் பயண நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

சங்கோரே பள்ளிவாசலைச் சூழ்ந்து வளர்ந்த கல்வி ஒரே கட்டடத்துள் அடங்கியதன்று. ஆலிம்களின் வீடுகளே வகுப்பறைகளாயின. ஆதலால் நூல்களும் வீடுகளிலேயே தங்கின. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற ஹஸன் அல் வஸ்ஸான் என்னும் பயணி, பிற சரக்குகளைக் காட்டிலும் நூல் வணிகத்திலேயே இலாபம் மிகுதி என்று எழுதினார். நூல் படியெடுத்தல் அந்நாளில் மதிப்புமிக்க தொழிலாக விளங்கிற்று. அந்நூற்றாண்டில் பல பாகங்கள் கொண்ட அரபு அகராதி ஒன்று அந்நகரில் படியெடுக்கப்பட்டபோது, எழுதியவருக்கும் ஒப்பு நோக்கித் திருத்தியவருக்கும் பாகம் ஒன்றுக்குப் பொன்னாக அளித்த கூலி அந்த ஏட்டிலேயே பதிவாகியுள்ளது. திருத்துபவருக்கும் தனியே கூலி அளித்த அவர்களது பொறுப்புணர்வு நோக்கற்பாலது.

1591-ஆம் ஆண்டில் மொராக்கோப் படை வந்தது. அதன்பின் ஆலிம்கள் பலர் சிறைப்பிடிக்கப்பட்டு மொராக்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் தலையாயவர் அஹ்மது பாபா (1556–1627). தாம் இழந்த நூல்கள் ஆயிரத்து அறுநூறு என்றும், தம் குடும்பத்தாரிடம் இருந்த நூலகங்களுள் தம்முடையதே சிறியது என்றும் அவர் கூறியதாக வரலாறு சொல்கிறது.

மண்ணுக்குள் மறைந்த ஏடுகள்

1894-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை திம்புக்டுவைக் கைப்பற்றியது. ஏடுகள் பறிபோகுமோ என்று அஞ்சிய குடும்பங்கள் அவற்றைப் பெட்டிகளில் பூட்டின, மண்சுவருக்குள் வைத்துப் பூசின, மணலில் புதைத்தன. தலைமுறைகள் மாறின. மறைத்து வைத்த பாட்டனார் மறைந்தார். மறைவிடம் அறிந்த மகனும் மறைந்தார். பேரனுக்குப் பெட்டி இருப்பது தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. எது ஏடுகளைக் காத்ததோ, அந்த மறைவே அவற்றைக் கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாக்கவும் செய்தது. இரும்புச் சத்துக் கலந்த மையோ தான் எழுதப்பட்ட தாளையே மெல்ல அரித்துத் துளையிட்டது.

நாடு விடுதலை பெற்ற பின், 1973-ஆம் ஆண்டில் அஹ்மது பாபாவின் பெயரால் ஆய்வு மையமொன்று திம்புக்டுவில் தொடங்கப்பெற்றது. ஏடுகளைத் தேடித் திரட்டுவதே அதன் முதற்பணி. 1984-ஆம் ஆண்டில் அப்பணியில் சேர்ந்தார் அப்துல் காதர் ஹைதரா என்னும் இளைஞர். அவருடைய தந்தை மம்மா ஹைதரா ஓர் ஆலிம். 1981-ஆம் ஆண்டில் காலமானார். குடும்பத்து ஏடுகளைக் காக்கும் பொறுப்பு பதினேழு வயதான இம்மகனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அவற்றை விற்பதில்லை, பிறருக்கு ஈந்து விடுவதும் இல்லை என்பது அக்குடும்பம் ஏற்ற உறுதி.

ஒட்டகத்திலும் படகிலும் ஊர் ஊராகச் சென்றார் ஹைதரா. மக்கள் எளிதில் பெட்டியைத் திறந்து காட்டவில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. முன்னர்க் கேட்டு வந்தவர்கள் கொண்டு போகவே வந்தவர்கள் அல்லவா? பலமுறை சென்று, பேசிப் பழகி, நம்பிக்கை பெற்ற பின்னரே பெட்டிகள் திறந்தன. ஏடுகளுக்கு ஈடாகக் கால்நடைகளையும் அச்சு நூல்களையும் அவர் அளித்தார்.

விற்க மனமில்லாத குடும்பங்களும் பல இருந்தன. அவற்றுக்காக 1996-ஆம் ஆண்டில் உருவானது ‘சவாமா’ என்னும் சங்கம். இச்சங்கத்தின் அடிப்படை எளியது: ஏடு குடும்பத்தின் உடைமையாகவே இருக்கும், காக்கும் பணியை அனைவரும் கூடிச் செய்வர். தூசு தட்டுதல், அமிலமற்ற அட்டையில் பெட்டி செய்தல், ஒவ்வோர் ஏட்டுக்கும் எண்ணிட்டுப் பட்டியல் எழுதுதல், நிழற்படம் எடுத்தல் ஆகிய பணிகளில் உள்ளூர் இளைஞர் பயிற்சி பெற்றனர். 2000-ஆம் ஆண்டில் ஹைதரா தம் தந்தையின் பெயரால் நூலகம் திறந்தார். பிற குடும்பங்களும் அவரைப் பின்தொடர்ந்தன.

பெட்டிக்குள் இருந்தது என்ன?

திருக்குர்ஆன் பிரதிகள், ஹதீஸ், மாலிக்கி மத்ஹபின் சட்ட நூல்கள் ஆகியன மிகுதியாக இருந்தன என்பதில் வியப்பில்லை. ஆனால் அவற்றுடன் வானநூலும் மருத்துவமும் இலக்கணமும் இருந்தன. வணிக உடன்படிக்கைகள், சொத்துப் பிரிவினை ஆவணங்கள், திருமண ஒப்பந்தங்கள், கடிதங்கள், ஊர்ச் சிக்கல்களுக்கு ஆலிம்கள் அளித்த ஃபத்வாக்கள் ஆகியனவும் இருந்தன. ஆப்பிரிக்காவுக்கு எழுதப்பட்ட வரலாறே இல்லை என்று ஐரோப்பிய அறிஞர் சிலர் எழுதி வந்த கூற்றை, வீட்டுப் பெட்டிகளில் கிடந்த இந்தத் தாள்கள் பொய்யாக்கின.

ஏடுகள் யாவும் அரபு மொழியில் எழுதப்பட்டவை அல்ல. சோங்காய், ஃபுலானி முதலான தம் தாய்மொழிகளையும் அம்மக்கள் அரபு எழுத்தில் எழுதினர். அவ்வெழுத்து முறைக்கு ‘அஜமி’ என்று பெயர். வாசகர்களே, இவ்விடத்தில் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். அதற்கு மீண்டும் வருவோம்.

இரவில் நகர்ந்த பெட்டிகள்

2012-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆயுதக் குழுக்கள் திம்புக்டுவைப் பிடித்தன. அவ்வாண்டு ஜூன் இறுதியில் தொடங்கி இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் பல இடிக்கப்பட்டன. ஏடுகளுக்கும் அக்கதி நேருமோ என்ற அச்சம் எழுந்தது. அரசோ படையோ துணைக்கு இல்லாத நிலையில் சங்கத்தார் தாமே செயலில் இறங்கினர். சந்தையில் தகரப் பெட்டிகளை வாங்கினர். நூலகங்களிலிருந்த ஏடுகளை இரவு நேரத்தில் அப்பெட்டிகளில் அடுக்கிக் கழுதை வண்டிகளில் ஏற்றி உறவினர் இல்லங்களில் சேர்த்தனர். அங்கிருந்து சிறிது சிறிதாக, வண்டிகளிலும் பின்னர் நைஜர் நதிப் படகுகளிலும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைநகர் பமாக்கோவுக்கு அவை சென்றன. வழியெங்கும் சோதனைச் சாவடிகள். ஓட்டுநர், படகோட்டி, பெட்டிக்கு இடம் கொடுத்த குடும்பத்தலைவி என எளிய மக்கள் பலர் இதில் பங்குகொண்டனர். இலட்சக்கணக்கான ஏடுகள் இவ்வாறு காக்கப்பட்டன என்பது சங்கத்தாரின் கணக்கு.

இழப்பும் நேர்ந்தது. 2013-ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், நகரை விட்டு ஓடுமுன் அக்குழுவினர் அஹ்மது பாபா நிறுவனத்தின் புதிய கட்டடத்தில் அகப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகளைக் கொளுத்தினர். அடக்கத்தலங்களை இடிப்பதில் முன்னின்ற ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டில் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அடக்கத்தலங்கள் மீண்டும் கட்டப்பட்டுவிட்டன. எரிந்த ஏட்டை மீண்டும் எழுதுவார் யார்?

பமாக்கோ சேர்ந்த ஏடுகளுக்கு வேறொரு பகை காத்திருந்தது. பாலைவன வறட்சியில் பழகிய தாள்களை அந்நகரின் ஈரக்காற்று தாக்கிற்று. ஆகவே பெட்டி செய்வதும் படமெடுப்பதும் அங்கும் தொடர்ந்தன. படமெடுக்கும் பணியில் கைகொடுத்தது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள கிறித்தவத் துறவிகளின் ஏட்டு நூலகம். முஸ்லிம் குடும்பங்களின் ஏடுகளைத் துறவிமடத்து நூலகம் காக்கத் துணை நிற்பது எண்ணி மகிழத்தக்கது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில், அஹ்மது பாபா நிறுவனத்துக்குரிய ஏட்டுப் பெட்டிகள் விமானத்தில் திம்புக்டுவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

நம் இல்லத்துப் பெட்டகம்

அஜமியைப் பற்றி அறிந்தபோதே உங்களுக்கு அரபுத்தமிழ் நினைவுக்கு வந்திருக்கும். நம் முன்னோரும் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபியில் இல்லாத தமிழொலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய எழுத்துக்களை அமைத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அரபுத்தமிழில் மார்க்க நூல்களை யாத்தனர். தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ பெண்மணிகள் அவ்வெழுத்திலேயே தொழுகை முறையைக் கற்றனர். அவ்வெழுத்திலேயே கடிதமும் எழுதினர்.

இன்று அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் இல்லங்களில் எத்தனை பேர்? இங்கேதான் பெரியதோர் இடர் இருக்கிறது. சிதைந்த திருக்குர்ஆன் தாள்களை மண்ணில் புதைப்பதும் ஓடும் நீரில் விடுவதும் நாம் கண்ணியத்துடன் செய்து வரும் வழக்கம். இறைமொழி காலடியில் படலாகாது என்னும் பக்தியே அதன் காரணம். அப்பக்தி போற்றுதற்குரியது. ஆயின், அரபுத்தமிழைப் படிக்க அறியாத கண்ணுக்கு அரபு எழுத்தில் உள்ள யாவும் ஒன்றாகவே தோன்றும். வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய கட்டில், சிதைந்த யாஸீன் ஏட்டுடன் பாட்டனாரின் மருத்துவக் குறிப்பும், கப்பல் வணிகக் கணக்கும், பாட்டியாரின் மஹர் எழுதிய தாளும், கடல் கடந்த மகன் தன் உம்மாவுக்கு எழுதிய மடலும் கலந்தே இருக்கக்கூடும். அத்தனையையும் கண்ணியத்தோடு மண்ணில் இட்டுவிடுகிறோம். திம்புக்டுவில் பகைவர் இட்ட தீ செய்ததை, நம்மிடையே அன்பும் அறியாமையும் சேர்ந்து செய்துவிடுகின்றன.

நமக்கு முன்மாதிரி நம்மிடமே உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஓலைச்சுவடியிலேயே இருந்தது. புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842-ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்து அச்சேற்றினார். அம்முயற்சி இல்லையேல் அக்காப்பியம் இவ்வளவு எளிதில் நம் கைக்குக் கிட்டியிருக்குமா?

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. புதைக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஊரில் அரபுத்தமிழ் அறிந்த முதியவரோ ஆலிமோ இருப்பின், அவர்கள் இருக்கும்போதே படித்துக் காட்டச் செய்யுங்கள். யார் எழுதியது, எக்காலத்தது, யாரிடமிருந்து வந்தது என்று தனித்தாளில் குறித்து உடன் வையுங்கள். கைபேசியிலேனும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கொள்ளுங்கள். கிழிந்த தாளைப் பசை நாடாவால் ஒட்டாதீர்கள். அந்தப் பசையே பின்னாளில் தாளைக் கெடுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஜமாஅத்தாரும் மதரஸாக்களும் முன்வந்தால் ஊருக்கொரு பட்டியல் எழுதுவது இயலாததன்று. ஏடுகள் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். எந்த வீட்டில் எது இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் பொதுவில் இருந்தால் போதும். திம்புக்டுக் குடும்பங்கள் கண்ட வழியும் அதுவே.

ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அதனைக் கெடாமல் காத்து, உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை. முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற ஏட்டுக்கு உரியவர்கள் இனிப் பிறக்கவிருக்கும் நம் மக்களே. இந்த ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், பரணிலுள்ள அந்தப் பழைய பெட்டியை ஒருமுறை இறக்கித் திறந்து பாருங்கள். அமானிதம் பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.