தமிழ்ப் பின்னப் பெயர்களும் கூட்டுவேலைக் கணக்கும்: ஏலமலைக் காயெடுப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இருவர் தனித்தனியே செய்து முடிக்கும் வேலையைச் சேர்ந்து செய்தால் எத்தனை நாளில் முடியும் என்பது பள்ளிக் கணிதத்தின் பழகிய வினா. இதற்கு விடைகாணும் முறை மரபுவழித் தமிழ்ப் பின்னப் பெயர்களின் அமைப்பிலேயே உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவுகளின் காயெடுப்பு வேலை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பின்னம், மாகாணி, உம்மைத்தொகை, வேலை வீதம், ஏலக்காய்.

முன்னுரை

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர், நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறும் ஏலக்காய்ச் சந்தை. இப்பகுதி ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் வேலை செய்து திரும்புகின்றனர். ஏலச்செடியின் காய்கள் ஒருசேர முற்றுவதில்லை. முற்றிய காய்களை மட்டும் தெரிந்தெடுத்து, 15 முதல் 30 நாள் இடைவெளியில் மீண்டும் அதே செடிக்கு வரவேண்டும். சுற்று தவறினால் காய் பழுத்துவிடும். பழுத்த காய் உலர்த்தும்போது வெடிக்கும். ஆகவே, ஒரு தோட்டத்தை எத்தனை பேர் எத்தனை நாளில் எடுத்து முடிப்பர் என்பது அங்கே விளைச்சலைக் காக்கும் கணக்காகும்.

பின்னப் பெயர்களின் அமைப்பு

திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்ட எண்சுவடியிலும், காரிநாயனாரின் கணக்கதிகாரத்திலும் வழங்கும் பின்னங்களுள் இங்கு வேண்டுவன: முந்திரி (1/320), அரைக்காணி (1/160), காணி (1/80), மா (1/20), மாகாணி அல்லது வீசம் (1/16), அரைக்கால் (1/8), கால் (1/4).

இவற்றுள் இருவகைச் சொல்லாக்கம் உண்டு. அரைக்கால் என்பது காலில் பாதி. இது பெருக்கலால் அமைந்த பெயர். மாகாணியோ மாவும் காணியும் சேர்ந்தது. கூட்டலால் அமைந்த பெயர். 1/20 உடன் 1/80 சேர 5/80, அதாவது 1/16 ஆகிறது. தொல்காப்பிய எச்சவியல் உம்மைத்தொகைக்கு உரியனவாகக் கூறுவனவற்றுள் அளவுப்பெயரும் எண்ணுப்பெயரும் அடங்கும். தூணியும் பதக்கும் தூணிப்பதக்கு ஆவதுபோல, மாவும் காணியும் மாகாணி ஆகின்றன.

ஒரு வேலையை 20 நாளில் முடிப்பவர் நாளொன்றுக்கு மா அளவு வேலை செய்கிறார். 80 நாளில் முடிப்பவர் காணி அளவு செய்கிறார். இருவரும் சேர்ந்தால் நாளொன்றுக்கு மாகாணி. வேலை 16 நாளில் முடியும். எனவே, மாகாணி என்னும் பெயரையே விடைகாணப்பட்ட ஒரு கூட்டுவேலைக் கணக்காகப் படிக்கலாம்.

இருவர் கணக்கு

ஒரு தோட்டத்தின் ஒரு சுற்றுக் காயெடுப்பை ஒருவர் 16 நாளிலும் மற்றொருவர் 20 நாளிலும் தனியே முடிப்பர் எனக் கொள்வோம். அடுத்த சுற்று 15 நாளில் தொடங்க வேண்டும் எனின், தனியாள் எவராலும் இயலாது. முதலாமவரின் நாள்வேலை மாகாணி, அதாவது 5 காணி. இரண்டாமவரின் நாள்வேலை மா, அதாவது 4 காணி. கூடினால் 9 காணி. முழுவேலை 80 காணியாதலால், 80 ÷ 9 = 8 8/9 நாள்.

இங்கு மாணவர் செய்யும் பெரும்பிழை, நாள்களின் சராசரியைப் பாதியாக்குவது. 16, 20 இவற்றின் சராசரி 18. அதன் பாதி 9. சரியான விடைக்கு இது மிக அண்மையில் இருப்பதால் பிழை மறைந்துவிடுகிறது. 10 நாளில் முடிப்பவரையும் 40 நாளில் முடிப்பவரையும் எடுத்துக்கொண்டால் அது வெளிப்படும். அம்முறைப்படி 12½ நாள்; அதாவது துணைக்கு ஆள் வந்ததும் வேலை தாமதமாகிறது! உண்மையில் 8 காணியும் 2 காணியும் சேர்ந்து 10 காணி. வேலை 8 நாளில் முடியும். கூட்டத்தக்கவை வேலைவீதங்களே, நாள்கள் அல்ல.

இடையில் ஒருவர் விலகும்போது

முதற்கணக்கின் இருவரும் 4 நாள் சேர்ந்து வேலை செய்தபின் முதலாமவர் விலகுகிறார் என்போம். முடிந்தது 36 காணி. எஞ்சியது 44 காணி. இரண்டாமவர் நாளுக்கு 4 காணி வீதம் 11 நாளில் அதை முடிப்பார். மொத்தம் 15 நாள், சுற்று தவறவில்லை. முதலாமவர் செய்தது 20 காணி, அதாவது கால். இரண்டாமவர் செய்தது 60 காணி, அதாவது முக்கால். வேலை மொத்தக் கூலிக்குப் பேசப்பட்டிருந்தால் பங்கு 1:3 ஆகும். சரிபாதியாகப் பகிர்ந்தால் இரண்டாமவர் தம் உழைப்பில் மூன்றிலொரு பகுதிக்குக் கூலி இழப்பார். நாள்களின் எண்ணிக்கையோடு நியாயமான பங்கையும் இக்கணக்கு காட்டுகிறது.

வழிமுறையின் எல்லைகள்

முதலாவது எல்லை எண் சார்ந்தது. 320 என்பது 2, 5 ஆகிய பகா எண்களால் மட்டுமே ஆனது. 12 நாள், 18 நாள் என வரும்போது மூன்றால் வகுக்க நேர்கிறது. முந்திரியை மேலும் 320 கூறாக்கிய கீழ்முந்திரிக்கு இறங்கினாலும் மீதி தீராது. அப்போது 12, 18 இவற்றின் மீச்சிறு பொதுமடங்கு 36ஐ முழுவேலையாகக் கொண்டால், நாள்வேலை 3 கூறும் 2 கூறும் ஆகும்; 36 ÷ 5 = 7 1/5 நாள். காணி ஆற்றிய பணியையே இங்குப் பொதுமடங்கு ஆற்றுகிறது.

இரண்டாவது எல்லை வேலையின் இயல்பு சார்ந்தது. காயெடுப்பைச் செடிவாரியாகப் பலர் பகிர்ந்துகொள்ளலாம், வீதங்கள் கூடும். பறித்த காயை உலர்த்துவது அத்தகையதன்று. ஈரம் வெளியேறும் காலத்தை ஆட்களைக் கூட்டிக் குறைக்க முடியாது. மற்றோர் உலர்த்தும் அறையைச் சேர்த்தால் ஒரு நாளில் உலரும் மொத்த அளவு கூடும். ஒரு காய் உலரும் நேரம் குறையாது. வீதங்களைக் கூட்டுமுன், வேலை பகிரத்தக்கதா என்பதைத் தெளிதல் வேண்டும்.

முடிவுரை

முழுமையை 80 காணியாகக் கொள்ளும் தமிழ்ப் பின்ன மரபு, பின்னக் கூட்டலை முழு எண் கூட்டலாக எளிமையாக்குகிறது. மாகாணி என்னும் உம்மைத்தொகை அக்கூட்டலைப் பெயரிலேயே காட்டுகிறது. கூட்டுவேலைக் கணக்கைக் கற்பிப்போர் சூத்திரத்துக்கு முன் இப்பெயர்களை அறிமுகப்படுத்தினால், வீதம் என்னும் கருத்து மாணவர்க்குத் தம் மொழி வழியே விளங்கும். இலக்கணப் பாடமும் கணிதப் பாடமும் சந்திக்கும் இவ்விடம் தமிழாய்வாளரின் மேலாய்வுக்கு உரியது.